இரவில் விழித்திருப்பவர் யார்?

புனே நகரின் நவி பேட்டையில் ‘நிவாரா’ என்ற முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. நிவாரா என்றால் மராத்தியில் புகலிடம் என்று பொருள். அதன் மண்டபத்தில் நடைபெறும் சொற்பொழிவுகளுக்கும் பொதுக்கூட்டங்களுக்கும் வந்து போகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஸ்தாபனத்தின் பூர்வீகப் பெயரை அறிவார்களோ, எனக்குத் தெரியாது. பாக்தாத் நகரில் 1792ஆம் ஆண்டு பிறந்து, அங்கே யூதர்களுக்கு நேர்ந்த உபத்திரவங்களுக்குத் தப்பிப் பம்பாய் வந்து சேர்ந்து, பருத்தியிலும் அபினியிலும் பெரும் பொருள் ஈட்டி, 1864ல் இதே புனேயில் காலமாகி, ஊரார் ‘லால் தேவள்’ என்று அழைக்கும் சிவப்புச் செங்கல் யூத ஆலயத்தின் அருகே அடக்கமாகியிருக்கிற டேவிட் சஸ்ஸூன் என்ற வணிகரின் தர்மத்தால் 1860களில் தோன்றியது அது. ‘டேவிட் சஸ்ஸூன் அநாத பங்கு கிருஹம்’ என்பது அதன் பழைய பெயர். ஆதரவற்றவரும் அங்கம் தளர்ந்தவரும் வாழும் வீடு என்று அந்தப் பெயர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிற்று.

இன்று அப்படி எவரும் பெயர் வைப்பதில்லை. மகாராஷ்டிரத்தில் பொதுவாக ‘விருத்தாசிரமம்’ என்கிறார்கள். நாம் ‘முதியோர் இல்லம்’ என்கிறோம். ஆசிரமம் என்ற சொல்லைக் கேட்டதும், கடமைகளை முடித்துவிட்டுத் துளசி மாடத்தருகே அமர்ந்து நாமஸ்மரணம் செய்யும் திடகாத்திரமான ஒரு கிழவரின் சித்திரம் நம் மனத்தில் எழுகிறது. ஆனால் இத்தகைய இல்லங்களுக்கு இன்று வந்து சேருகிறவர்களில் பலர் இடுப்பெலும்பு முறிந்தவர்கள், பக்கவாதத்தால் ஒருபுறம் செயலிழந்தவர்கள், தம் மக்களின் பெயரையே மறந்துவிட்டவர்கள். அவர்களுக்கு வேண்டியது இளைப்பாறும் இடம் மாத்திரமன்று, இருபத்து நான்கு மணி நேரச் சிசுருஷை. இந்தச் சிசுருஷையை எவ்வாறு அளப்பது, அதில் அபாயம் எங்கே நுழைகிறது, நல்ல இல்லத்தையும் கெட்ட இல்லத்தையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பனவற்றை, தாய் தந்தையரை அத்தகைய ஓரிடத்தில் விடலாமா என்று இரவெல்லாம் உறக்கமின்றித் தவிக்கும் குடும்பங்களை மனத்தில் கொண்டு எழுத விரும்புகிறேன்.

புனேயை ‘பென்ஷன்காரர்களின் சொர்க்கம்’ என்று சொல்வது நெடுநாள் வழக்கம். மிதமான சீதோஷ்ணம், கல்விச்சாலைகள், பெரிய ஆஸ்பத்திரிகள், ராணுவத்தின் தென்பிராந்தியத் தலைமையகம் ஆகிய எல்லாம் சேர்ந்து ஓய்வு பெற்றவர்களை இவ்வூருக்கு ஈர்த்தன. கிர்க்கியின் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்ற தமிழர்களும், ராஸ்தா பேட்டையிலும் தேஹுரோடிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழர்களும் இவர்களுள் அடக்கம். இவ்வூர்ப் பிள்ளைகளோ படித்து முடித்தவுடன் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்விடுகிறார்கள். இது புனேயின் விதி மட்டுமன்று. ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் 2023ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ல் சுமார் 14.9 கோடியாக இருந்த இந்திய முதியோர் தொகை 2050ல் 34.7 கோடியாகும், அதாவது ஐவரில் ஒருவர் அறுபதைக் கடந்தவராக இருப்பார்.

ஆயினும் பெற்றோர் சேவையைப் போற்றும் ஊர் இது. ஆஷாட ஏகாதசிக்காக ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பல்லக்கும் தேஹுவிலிருந்து துக்காராமின் பல்லக்கும் புறப்பட்டுப் பண்டரிபுரம் போகிற வழியில் புனேயில் தங்கிச் செல்லும்போது, நகரமே தெருவுக்கு வந்து வார்க்கரிகள் எனப்படும் அந்தப் பாதயாத்திரிகர்களை உபசரிக்கும். அவர்கள் தரிசிக்கப் போகிற விட்டலன் செங்கல்மேல் நின்றுகொண்டிருப்பது ஏன் என்று கேட்டால், சிறு குழந்தையும் புண்டலீகனின் கதையைச் சொல்லும். பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த புண்டலீகன், வாசலில் வந்து நின்ற பகவானிடம் ஒரு செங்கல்லை எறிந்து, ‘இதன்மேல் நில்லும், வேலை முடிந்ததும் வருகிறேன்’ என்றானாம். நம்மவர்க்கும் இது அந்நியமான கதையன்று. இதைத் தழுவி 1944ஆம் வருஷம் தியாகராஜ பாகவதர் நடித்து வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

அதே 1944ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் என்ற ஊரில், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த லுட்விக் குட்மன் என்ற வைத்தியர், முதுகெலும்பு முறிந்த போர்வீரர்களுக்காக ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். முதுகுத்தண்டு சிதைந்தவன் சில மாதங்களில் இறந்துவிடுவான் என்பது அக்காலத்து நம்பிக்கை. அவர்களைக் கொன்றது பெரும்பாலும் எலும்பு முறிவன்று, படுக்கைப் புண்ணும் சிறுநீர்த்தாரையில் ஏற்படும் தொற்றுமே என்பதைக் குட்மன் கண்டார். அவர் செய்த ஏற்பாட்டில் அதிசய மருந்து எதுவும் இல்லை. நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பகலிலும் இரவிலும், தவறாமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்றார். அது நடக்கிறதா என்று கண்காணித்தார். செத்துப்போவார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பிழைத்தெழுந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்து விளையாடினார்கள்.

புண்டலீகனின் பக்தியையும் குட்மனின் கடிகாரத்தையும் நான் சேர்த்தே எண்ணிப் பார்க்கிறேன். கதையில் புண்டலீகன் தெய்வத்தைக் காக்க வைத்தானே ஒழியத் தகப்பனைக் காக்க வைக்கவில்லை. நம் இல்லங்களை நடத்துகிறவர்களில் கருணையுள்ளவர்கள் ஏராளம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காலை பத்து மணிக்குக் கருணையோடிருப்பது சுலபம். இரவு இரண்டு மணிக்கு, பகல் முழுதும் உழைத்துக் கண் சொருகும் வேளையில், எழுந்து போய் எண்பது வயதுக் கிழவியைப் புரட்டிவிட வேண்டுமானால், கருணை மட்டும் போதாது. அதற்கு ஒருவரை நியமித்திருக்க வேண்டும், அவர் பகலில் தூங்கியிருக்க வேண்டும், புரட்டிய நேரத்தை அவர் எழுதிவைக்க வேண்டும், அதை மறுநாள் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும்.

படுக்கைப் புண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் ஓர் இல்லத்தின் யோக்கியதையைக் காட்டும் கண்ணாடி அதுதான். ஆரோக்கியமுள்ள மனிதன் உறக்கத்திலும் அடிக்கடி புரண்டு படுக்கிறான். புரள முடியாதவருக்கு எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில், அதாவது முதுகின் அடிப்பகுதியிலும் இடுப்பின் பக்கங்களிலும் குதிகாலிலும், உடலின் பாரமே சிறு ரத்தக் குழாய்களை நசுக்கி ரத்தவோட்டத்தைத் தடுத்துவிடுகிறது. சில மணி நேரத்தில் அவ்விடம் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் சாதாரணச் சிவப்பு வெளுத்து மீளும், இதுவோ வெளுக்காது. கறுத்த மேனியில் சிவப்புத் தெரிவது கடினமாகையால், அவ்விடத்தின் சூட்டையும் கடினத்தையும் தொட்டுத்தான் அறிய வேண்டும். இந்நிலையில் கண்டுகொண்டால் பாரத்தை விலக்கினாலே போதும். கண்டுகொள்ளாவிடில் தோல் உரிந்து, சதை அழுகி, சில நாட்களில் எலும்பு வெளியே தெரியும் குழியாகிவிடும். அதை ஆற்ற மாதங்கள் பிடிக்கும், பலருக்கு அது ஆறுவதேயில்லை. ஈரமும் மலமும் பட்ட தோல் இன்னும் விரைவில் பழுதாகும். ஆதலால் ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர் மாற்றுகிறார்கள் என்ற கேள்வி கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டே தீர வேண்டிய கேள்வி. இப்புண் நோயின் குற்றமன்று, பெரும்பாலும் கவனிப்பின் குற்றம் என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859லேயே எழுதிவைத்தார்.

அடுத்த அபாயம் விழுதல். இதுவும் இரவோடு சம்பந்தப்பட்டது. சிறுநீர் கழிக்க எழுகிறார் பெரியவர். மணியடித்தும் யாரும் வரவில்லை, அல்லது உறங்குகிறவரை எழுப்ப மனம் வரவில்லை. இருட்டில் ஈரத் தரையில் கால் வழுக்குகிறது. இடுப்பெலும்பு முறிந்த பின் பழையபடி நடமாடும் முதியவர் சிலரே. சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, கட்டிலிலிருந்து கழிவறை வரை மங்கலான இரவு விளக்கு, வழுக்காத தரை, காலுக்குப் பொருந்தும் செருப்பு, கண் கண்ணாடி கைக்கெட்டும் இடத்தில், படுக்கப் போகுமுன் ஒருமுறை கழிவறைக்கு அழைத்துச் செல்லுதல் என்று இவையனைத்தையும் செய்துவிடப் பெருந்தனம் வேண்டியதில்லை. ஆயினும் பல இடங்களில் கண்டுபிடித்திருக்கும் உபாயம் வேறு. விழாமல் இருக்க வேண்டும் என்று சொல்லி, கட்டிலோடு துணியால் கட்டிவிடுகிறார்கள். அன்பினாலேயே கட்டுகிறோம் என்று அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் கட்டப்பட்டவரின் கால்கள் வலுவிழக்கின்றன; புண் வருகிறது; திமிறும்போது கழுத்து இறுகி உயிரே போனதுண்டு; அதற்கெல்லாம் மேலாக, வாழ்நாள் முழுதும் தலைநிமிர்ந்து நடந்த ஒரு மனிதர் தாம் என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் கட்டுண்டு கிடக்கிறார். அமெரிக்காவில் 1987ஆம் வருஷத்துச் சட்டம், தண்டனைக்காகவோ ஊழியரின் சௌகரியத்துக்காகவோ எந்த முதியவரையும் கட்டக்கூடாது என்று விதித்தது. நம்மிடையே தூக்க மாத்திரையும் அத்தகைய கயிறாகிவிடுவது உண்டு. முதியோருக்கு எந்தெந்த மருந்துகள் தீங்கு விளைவிக்கக்கூடும் என்று மார்க் பியர்ஸ் என்ற வைத்தியர் 1991ல் முதன்முதலாக வகுத்த பட்டியல் இத்தகைய இல்லவாசிகளை மனத்தில் கொண்டே எழுந்தது; இரவில் அமைதியாயிருக்கட்டும் என்று கொடுக்கப்படும் தூக்க மருந்துகள் பல அதில் உண்டு.

சோறும் தண்ணீரும் அற்பமான விஷயங்களாகத் தோன்றும். படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் பழுதாகும். ஆகையால் நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியில், முந்தின கவளம் விழுங்கியாயிற்றா என்று பார்த்து ஊட்ட வேண்டும். உண்டபின் அரைமணி நேரம் உட்கார்த்தி வைக்க வேண்டும். புனே வீடுகளில் குழந்தைக்குப் போலவே கிழவருக்கும் நெய்விட்டுக் குழைத்த ‘மவு பாத்’ கொடுப்பார்கள். அதை நான்கு நிமிஷத்தில் ஊட்டி முடிப்பதற்கும் இருபது நிமிஷத்தில் ஊட்டுவதற்கும் இடையிலுள்ள தூரமே கவனிப்பின் தரம். முதுமையில் தாகவுணர்ச்சி குன்றிவிடுவதால் கேட்டால்தான் கொடுப்போம் என்று இருந்துவிடக் கூடாது. சித்திரை வைகாசி வெயிலில் தக்காணத்தின் வறண்ட காற்று உடம்பின் நீரை உறிஞ்சிவிடும். திடீரென ஒருவர் பிதற்றத் தொடங்கினால் ‘வயதாகிவிட்டது, புத்தி கலங்கிவிட்டது’ என்று விட்டுவிடுகிறார்கள்; உண்மையில் அது நீர்வறட்சியாகவோ சிறுநீர்த் தொற்றாகவோ மலச்சிக்கலாகவோ புதிய மருந்தின் விளைவாகவோ இருக்கலாம், இரண்டு நாளில் தெளியக்கூடியதாகவும் இருக்கலாம். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைக்கும் இல்லத்தில், ஒருவர் உண்ணாமல் மெலிந்து வருவது உறவினர் கண்ணில் படுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

புனேயில் வாழும் தமிழரைப் பொறுத்தவரை மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற பாஷைகள் முதலில் மங்கி, தாய்மொழி கடைசிவரை எஞ்சி நிற்பது வழக்கம். நாற்பது வருஷம் சந்தையில் மராத்தியில் பேரம் பேசிய ஓர் அம்மாள், எண்பத்தைந்தாம் வயதில் ‘தாகமா இருக்கு’ என்றும் ‘வலிக்கிறது’ என்றும் தமிழில் மட்டுமே சொல்லக்கூடியவராகி விடலாம். அவரைக் கவனிக்கும் பெண்ணுக்குத் ‘தஹான்’, ‘துக்தய்’ என்று சொன்னால்தான் புரியும். இங்கே கொடுமை செய்கிறவர் யாருமில்லை. இருவருக்கும் இடையே ஒரு சொல் இல்லை, அவ்வளவே. பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களை மராத்தி எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவைப்பது எந்தப் பிள்ளையும் செய்யக்கூடிய காரியம்.

அந்தப் பெண்ணைப் பற்றியும் பேசாமல் இந்த விஷயத்தைப் பேசிவிட முடியாது. புனே ஆஸ்பத்திரிகளிலும் இல்லங்களிலும் பணிப்பெண்ணை ‘மாவ்ஷி’ என்றும் ஆண் ஊழியரை ‘மாமா’ என்றும் அழைப்பார்கள். மாவ்ஷி என்றால் சித்தி, தாயின் சகோதரி. உறவின் பெயரைக் கொடுத்துவிட்டு ஊதியத்தையும் ஓய்வையும் பயிற்சியையும் கொடுக்காமலிருப்பது நம் தேசம் முழுவதற்கும் பொதுவான அநியாயம். ‘ப்யூரோ’ எனப்படும் தரகு நிலையம் மூலம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வருகிறவளுக்கு, கனத்த ஒருவரைத் தன் முதுகு நோகாமல் தூக்கும் விதத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. இல்லங்களில் பணிபுரிவோரில் மூவரில் இருவர், முந்தைய ஓராண்டில் தாம் ஏதோ ஒருவகையில் முதியவரிடம் தகாத முறையில் நடந்துகொண்டதை ஒப்புக்கொண்டார்கள் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதட்டுவது, கூப்பிட்டும் வராதிருப்பது, அலட்சியம் எல்லாம் இதில் சேரும். மூவரில் இருவர் துஷ்டர்களாக இருக்க முடியாது. களைத்துப்போன நல்லவர்களும் தவறுகிறார்கள் என்பதே இதற்கு அர்த்தம். எனவே ஊழியரின் களைப்பை நீக்காமல் முதியவரைக் காப்பது நடவாத காரியம்.

இனிச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் 2007ல் இயற்றப்பட்டது. ஜீவனாம்சம் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக அது வழி செய்தது. கைவிடும் குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் என்றது. அதன் 19ஆம் பிரிவு, ஜில்லாவுக்கு ஒன்றேனும் குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்று கூறி, அவ்வில்லங்களின் தரத்தையும் மருத்துவ வசதியையும் வரையறுக்கும் பொறுப்பை மாநிலத்துக்கே விட்டது. ‘அமைக்கலாம்’ என்ற அந்த ஒரு சொல்லில் எத்தனை வருஷங்கள் கழிந்தன! உச்ச நீதிமன்றம் அசுவனி குமார் வழக்கில் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தபோது, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை இல்லங்கள் இருக்கின்றன என்ற விவரத்தையே மத்திய அரசு மாநிலங்களிடம் கேட்டுப் பெற வேண்டும் என்று உத்தரவிட நேர்ந்தது. தனியார் இல்லங்களையும் பதிவு செய்து குறைந்தபட்சத் தரங்களை விதிக்க 2019ல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா நிறைவேறாமலே 2024ல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று.

மகாராஷ்டிரத்தில் நோயாளரையும் தளர்ந்தவரையும் ஏற்றுச் சிகிச்சையும் தாதிப்பணியும் அளிக்கும் இடங்களுக்கு 1949ஆம் வருஷத்து நர்ஸிங் ஹோம் பதிவுச் சட்டம் உண்டு. ஆனால் முதியோர் இல்லங்கள் பெரும்பாலும் சங்கமாகவோ தர்ம ஸ்தாபனமாகவோ பதிவானவை. அந்தப் பதிவுக்குரிய அதிகாரி கணக்கைத் தணிக்கை செய்வார், கட்டிலைப் பார்க்கமாட்டார். ஒருவர் நடந்து வந்து சேர்ந்த இல்லம், ஐந்து வருஷத்தில் அவர் படுத்த படுக்கையானதும், பெயர்ப்பலகை மாறாமலே ஓர் ஆஸ்பத்திரியின் பாரத்தைத் தாங்க வேண்டியதாகிவிடுகிறது. அந்த மாற்றத்தைக் கவனித்துக் கேள்வி கேட்க வேண்டியவர் இன்னார் என்று இன்றைக்கும் தெளிவாக இல்லை. நான் இதைப் பெரிய குறையாகக் கருதுகிறேன். 2023 புத்தாண்டு தினத்தின் விடியற்காலையில் தில்லி கிரேட்டர் கைலாஷ் பகுதியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் தீப்பற்றி இரண்டு மூதாட்டிகள் மாண்டார்கள். எழுந்து ஓட முடியாதவர்கள் வசிக்கும் கட்டிடத்தில் தீ அபாயம் மற்ற வீடுகளிலுள்ளதைப் போன்றதன்று. எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும், இரவில் தூக்குவதற்கு எத்தனை கைகள் இருக்கின்றன என்பதே அங்கே கேள்வி. கொரோனாக் காலத்தில் 2020 ஏப்ரலில், ஐரோப்பாவின் சில நாடுகளில் அந்நோயால் மாண்டவர்களில் பாதிப்பேர் வரை இத்தகைய இல்லங்களில் இருந்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை தெரிவித்தது. செல்வமுள்ள தேசங்களிலேயே அந்நிலை.

செல்வமும் சட்டமும் இருந்தும் தவறியதற்கு ஆஸ்திரேலியாவைச் சொல்லலாம். அங்கே ஓக்டன் என்ற இடத்தில் மறதி நோயாளருக்கான அரசாங்க இல்லத்தில் நடந்த கொடுமைகளை உறவினர்கள் விடாமல் முறையிட்டு வெளிப்படுத்தினார்கள். 2017ல் அதை மூட நேர்ந்தது. அதுவரை அந்த இல்லம் தரச் சோதனைகளில் தேறியே வந்திருக்கிறது! முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும் பரிசோதகருக்குச் சுத்தமான ஏடுகள் காட்டப்பட்டால், ஏடு தேறும், மனிதர் தேறமாட்டார். 2018ல் நியமிக்கப்பட்ட ராஜாங்க விசாரணைக் கமிஷன் இரண்டரை வருஷம் விசாரித்து 2021ல் அளித்த அறிக்கையில் 148 சிபாரிசுகள் இருந்தன. அவற்றின் பயனாக 2023 ஜூலை முதல் ஒவ்வோர் இல்லத்திலும் பதிவுபெற்ற தாதி ஒருவர் இருபத்து நான்கு மணி நேரமும் இருந்தாக வேண்டும் என்றும், பின்னர் ஒவ்வொரு முதியவருக்கும் நாளொன்றுக்குச் சராசரி இத்தனை நிமிஷக் கவனிப்பு என்றும் விதித்தார்கள். 2024 அக்டோபரில் அது 215 நிமிஷமாயிற்று. அவ்வளவு நீண்ட விசாரணையின் முடிவிலும் கண்டது இதுவே: இரவிலும் ஒருவர் விழித்திருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் நேரம் வேண்டும். இங்கிலாந்தில் ஒரு கமிஷன் இல்லங்களைச் சோதித்து, பாதுகாப்பு, பயன், பரிவு, தேவைக்கு இசைந்து நடத்தல், நிர்வாகம் என்ற ஐந்து நோக்கில் தரம் பிரித்து அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிடுகிறது. சேரப்போகிறவர் வாசலிலேயே தரத்தைப் படித்துவிடலாம். மகாராஷ்டிர அரசு இந்த ஒன்றையாவது செய்ய முன்வர வேண்டும். புதிதாக இல்லம் கட்டக் கோடிகள் வேண்டும். இருக்கிற இல்லங்களைச் சொல்லாமல் போய்ப் பார்த்து, பார்த்ததை அச்சிட்டு வெளியிட அவ்வளவு செலவாகாது.

வெளிநாட்டிலேயே எல்லாவற்றையும் தேட வேண்டியதில்லை. புனேயின் வார்ஜே பகுதியில் சிப்லா நிறுவனத்தின் அறக்கட்டளை 1997 முதல் நடத்திவரும் நோய்தணிப்புச் சிகிச்சை மையத்தில் புற்றுநோயாளருக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கிறார்கள். நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்து, புண்ணைக் கழுவுவதையும் புரட்டிப் படுக்கவைப்பதையும் வலியைக் கண்டறிவதையும் கற்பித்து அனுப்புகிறார்கள். படிப்பறிவு குறைந்த கிராமத்துப் பெண்ணும் இவற்றைக் கற்றுக்கொள்கிறாள் என்றால் நம் இல்லங்களின் மாவ்ஷிகளுக்குக் கற்பிக்க முடியாது என்பது வெறும் சாக்கு. சுமித்ரா பாவேயும் சுனில் சுக்தன்கரும் எடுத்த ‘அஸ்து’ என்ற மராத்திப் படத்தை இங்கே நினைவுகூர்கிறேன். மறதி நோய்க்கு ஆளான சமஸ்கிருதப் பண்டிதர் ஒருவர் தெருவில் போகும் யானையின் பின்னே போய்த் தொலைந்துவிடுகிறார். மோகன் அகாஷே நடித்த அந்தப் பண்டிதருக்கு யானைக்காரனின் ஏழை மனைவி சோறூட்டிக் குழந்தைபோல் பார்த்துக்கொள்கிறாள். அந்தச் சுபாவம் நம் மண்ணில் வற்றிவிடவில்லை. அதற்குப் பயிற்சியும் கூலியும் ஓய்வும் சேர்த்துக் கொடுப்பதே பாக்கி.

தாயையோ தகப்பனையோ இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்று நான் எண்ணவில்லை. மறதி முற்றிய ஒருவரை இரண்டறை வீட்டில் ஒற்றையாளாகக் கவனித்து உடம்பும் மனமும் நொறுங்கிப்போன மகள்களும் மருமகள்களும் எண்ணற்றவர். அவர்களைப் பழிப்பவர் ஓர் இரவு அந்த அறையில் தங்கிப் பார்க்கட்டும். சேர்த்தபின் மறந்துவிடுவதுதான் பாவம். சேர்க்குமுன் இல்லத்தின் தோட்டத்தையும் பூஜை அறையையும் காட்டுவார்கள். பாருங்கள், அவையும் வேண்டியவைதான். பார்த்தபின், இரவில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், அவர்களில் தாதிப் பயிற்சி பெற்றவர் உண்டா என்று கேளுங்கள். இந்த வருஷம் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கேளுங்கள். ‘ஒருவருமில்லை’ என்கிற இல்லத்தைவிட, எண்ணிக்கையைச் சொல்லி, அதன்பின் என்ன மாற்றினோம் என்று காட்டுகிற இல்லத்தை நம்பலாம். எந்நேரமும் வரலாமா என்று கேளுங்கள். நேரம் குறித்துக்கொண்டுதான் வரவேண்டும் என்றால் அங்கே சேர்க்காதீர்கள். தொலை தேசத்தில் இருப்பவர்கள் மாதம் இருமுறை போய்வர ஒரு பழைய அண்டைவீட்டாரையோ தமிழ்ச் சிநேகிதரையோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். துன்பம் கண்டால் முறையிடவும் யோசனை கேட்கவும் 14567 என்ற எண்ணில் நாடெங்கும் முதியோர் உதவித் தொலைபேசி இருக்கிறது, அழைக்கக் கட்டணமில்லை.

அடுத்த முறை அம்மாவைப் பார்க்கப் போகும்போது ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் போகாமல், சொல்லாமல் ஒரு வேலைநாள் இரவு எட்டரை மணிக்குப் போங்கள். சோறூட்டியவள் பெயரைக் கேட்டு, அவளுக்கு நன்றி சொல்லுங்கள். பிறகு அம்மாவின் போர்வையைக் கால்பக்கமாக விலக்கி, இரண்டு குதிகாலையும் தொட்டுப் பாருங்கள்.